செவ்வாய் இரவு பதினொன்று

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்பி
நொடிக்கு எட்டு மெகாபிட்.
நான்கு டெராபைட்டை அதன்வழி
கோயம்புத்தூருக்கு ஊற்றி முடிக்க
நாற்பத்தாறு நாள் ஆகும்,
இடையில் மழை வராவிட்டால்.
கோத்தகிரியில், இடையில், மழை வராவிட்டால்.

அதனால் பஸ்.

செவ்வாய் இரவு பதினொன்றுக்கு எடுத்த பேக்கப்பை
டிஸ்க்கில் இறக்கி
மகனின் பழைய ஸ்வெட்டரில் சுற்றி
மடியில் வைத்து
ஆறு பத்து வண்டியில் உட்கார்ந்தேன்.
பதினோரு வருடத்து எக்ஸ்ரே,
ரத்தச் சீட்டு, பிரசவ நேரம்,
வராத பாக்கிகள் உள்பட
எல்லாம் ஒரு சோப்புப் பெட்டி அளவு.
பக்கத்து கேரட் மூட்டைக்கு
லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர்
என் மடியைப் பார்க்கவேயில்லை.

கணக்குப் போட்டேன், வளைவுகளில் பொழுது போக.
மூன்றரை மணி நேரம்.
நொடிக்கு முந்நூறு மெகாபைட்,
மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கப் போவதையும் சேர்த்து.
இந்த மலையில் இதைவிட வேகமான கம்பியை
யாரும் இழுத்ததில்லை.

குஞ்சப்பனை தாண்டி சிக்னல் வந்தது.
எப்சிபா சிஸ்டர்:
பதினாலாம் பெட், கட்டபெட்டு ஜோகி,
காலை நாலு நாற்பதுக்கு.
சிஸ்டத்தில் போட்டாச்சு.

போன வாரம் என்னிடம்
டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்.

சரவணம்பட்டியில் அந்த அறைக் குளிர்
எங்கள் ஊர்க் குளிர் மாதிரி இல்லை,
வாசமே கிடையாது.
இர்ஷாத் டிஸ்க்கைச் செருகினான்.
பகல் முழுக்க இறங்கியது.
மாலையில், வெளி நெட்வொர்க் எதிலும் ஒட்டாமல்,
எழுகிறதா என்று ஒரு தடவை எழுப்பினோம்.
எழுந்தது.
தான் கோத்தகிரியில் இருப்பதாகவே நினைத்து
மாடிப் பிரிண்டரைத் தேடியது.
இல்லை என்றதும்
மறுபடி தேடியது.

வார்டுப் பட்டியலைத் திறந்தேன்.
திறந்திருக்க வேண்டாம்.
பதினாலு. ஜோகி. எழுபத்திரண்டு.
காய்ச்சல் நூற்றொன்று.
இரவு உணவு கஞ்சி, பாதி.
அடுத்த ஊசி காலை ஆறுக்கு.

ஒரு பைட் பிசகவில்லை என்றான் இர்ஷாத், பெருமையாக.
ஆமாம் என்றேன்.

எழுப்பிய தடயத்தை அழித்து உறங்கவைத்தோம்.
இனி இதையே விதையாகக் காட்டி
நகலெடுப்பைத் தொடங்க வேண்டும்.
மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும்
கட்டம் கட்டமாக ஒப்பிட்டு
ஒன்றுபோல் இருப்பதை அது விட்டுவிடும்.
மாறியதை மட்டும் அனுப்பும்.
அதற்கு அந்த எட்டு மெகாபிட் போதும்.

தொடங்கட்டுமா அக்கா?
கொஞ்சம் இரு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.
தாகம் இல்லை.

ஒன்பதே காலுக்கு முடிந்தது.
நான்கு டெராபைட்டில்
இரண்டு ஜிபி மாறியிருந்தது.
ஒரு பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு.
இருபது முப்பது பேரின் சர்க்கரை.
டீ ஃபேக்டரியில் நசுங்கிய ஒரு சுண்டுவிரல்.
அப்புறம் ஒரு வரி.
எது எந்தக் கட்டத்தில் போனது என்று
திரை காட்டாது.
பச்சைக் கோடு நகரும், அவ்வளவுதான்.

இனி மலை சரிந்து ரோடே போனாலும்
கால் மணிக்கு ஒருமுறை
எங்களைப் போலவே ஆகிக்கொண்ட ஒன்று
கீழே இருக்கும்,
கட்டில்கள் இல்லாமல், டெட்டால் இல்லாமல்.
நல்லதுதான். இதற்காக
இரண்டு வருடம் கடிதம் எழுதினேன்.

மறுநாள் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில்
பிளாஸ்டிக் தேடிய பெண்
ஸ்வெட்டரைப் பிரித்தாள்.
இர்ஷாத் போட்டுக் கொடுத்த குமிழ் உறையை
உருவி எடுத்துக்கொண்டு
இதில் என்ன என்றாள்.

பழசு, என்றேன்.

அழித்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி.
ஸ்வெட்டரை இறுக்கிச் சுற்றினேன்.
மேலே குளிரும்.